வழக்கொழிந்த நெறிமுறையும் மன்னாரின் ஏடுகளும்

அண்மைக்கால லினக்ஸ் இயங்குதளம் நிறுவப்பட்ட கணினியொன்றின் அமைப்புக் கோப்பில் ஒரேயொரு வரியை எழுதிச் சேர்த்தால், பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர் வாங்கப்பட்ட நிழற்பிரதி இயந்திரமும், எவரும் தீண்டாது மூலையிற் கிடந்த வலையமைப்பு வன்தட்டும் மீண்டும் பேசத் தொடங்கும். இவ்வித்தையைக் கைகண்ட மருந்து போல ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொள்ளும் வழக்கம் கணினி அறிந்தோரிடையே பரவியுள்ளது. அந்த வரி எதனைத் திறந்துவிடுகின்றது, திறந்த வழியால் இழப்பு நேருமாயின் இழப்பவர் யார் என்னும் வினாக்கள் மட்டும் எழுப்பப்படுவதில்லை. எழுப்புவோரை வீண் அச்சம் கொண்டோர் என ஒதுக்கிவிடுவதும் உண்டு. மன்னார் மாவட்டத்தைப் பொறுத்தவரை இந்த ஒதுக்குதல் பொறுப்பின்மையின் பாற்பட்டதாகும்.

குறித்த வரி, எஸ்.எம்.பி. எனப்படும் கோப்புப் பகிர்வு நெறிமுறையின் முதலாம் பதிப்புக்கு மீண்டும் இடமளிப்பது. 1980களின் முற்பகுதியில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பரி பைகன்பாம் என்பவர் இதற்கு வித்திட்டார். ஒரு கட்டடத்துள், ஒருவரையொருவர் அறிந்த சிலர், ஒரே அலமாரியிலுள்ள கோப்புகளை எடுத்தாள்வதற்கு ஒப்பான ஏற்பாடு அது. அந்நாளைச் சூழலுக்கு அது போதுமானதாகவும் இருந்தது. பின்னர் மைக்ரோசொப்ட் நிறுவனம் அதனை விரித்து விண்டோசுடன் இணைத்துக்கொண்டது. கன்பராவில் அவுஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த அன்ட்ரூ டிரிட்ஜல் 1990களின் தொடக்கத்தில் எழுதத் தொடங்கிய சம்பா என்னும் மென்பொருளினூடாக அதே நெறிமுறை யூனிக்ஸ், லினக்ஸ் உலகினுள்ளும் புகுந்தது. விண்டோசுக்கும் லினக்சுக்கும் இடையே நின்ற சுவரைத் தகர்த்த பெருமை சம்பாவுக்கு உரியது. அதனை எவரும் மறுப்பதற்கில்லை.

ஆயினும், அலமாரி இருந்த கட்டடம் மாறிவிட்டது. அலுவலக வலையமைப்பு இணையத்தோடு இணைந்தது. வந்து போவோரின் மடிக்கணினிகளும் கைத்தொலைபேசிகளும் அதே வலையமைப்பில் நுழைந்தன. முதலாம் பதிப்பில் கோப்பின் உள்ளடக்கத்தை மறைகுறியாக்கும் ஏற்பாடு வழக்கமான சாதனங்கள் எவற்றிலும் இல்லை. வழியில் நிற்பவர் படிக்கலாம், சில வேளைகளில் திருத்தியும் விடலாம். விஸ்டாவுடன் இரண்டாம் பதிப்பு வந்தது. 2012இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பே மறைகுறியாக்கத்தை முறையாகக் கொணர்ந்தது. பழைய வழியை அடைக்கும் பணியும் படிப்படியாக நிகழ்ந்தது. 2017இல் வெளியான லினக்ஸ் கருவின் 4.13ஆம் பதிப்பு, பிற கணினிகளின் பகிர்வுகளை இணைக்கும்போது முதலாம் பதிப்பை இயல்பாகப் பயன்படுத்துவதைக் கைவிட்டது. 2019 செப்டெம்பரில் வந்த சம்பா 4.11, பகிர்வை வழங்கும் பக்கத்திலும் பெறும் பக்கத்திலும் அதனை இயல்புநிலையில் முடக்கிற்று. அழித்துவிடவில்லை, முடக்கியது மாத்திரமே. வேண்டுவோர் தம் பொறுப்பில் திறந்துகொள்ளலாம் என்பதே அதன் பொருள். அந்தத் 'தம் பொறுப்பில்' என்னும் பகுதி, வித்தையைப் பரப்புவோரின் வாயில் உதிர்ந்து போய்விடுகின்றது.

முடக்கியோர் ஏதோ புதுமை மோகத்தால் முடக்கினர் என்று பேசுவோரும் உளர். அவர்கள் 2017ஆம் ஆண்டை மறந்தவர்கள். விண்டோசில் இந்த முதலாம் பதிப்பைக் கையாளும் பகுதியிலிருந்த குறையொன்றை அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகவரகம் தன் கருவியாக ஆக்கி வைத்திருந்தது. அக்கருவி ஏப்ரலில் வெளியே கசிந்தது. குறையை நீக்கும் திருத்தம் மார்ச் 14இலேயே வெளியிடப்பட்டிருந்தும் உலகெங்கும் எண்ணற்ற கணினிகள் அதனை ஏற்காமலே கிடந்தன. மே 12இல் வானாகிரை என்னும் பணயத் தீநிரல் 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளைப் பற்றிக்கொண்டது. இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையில் 236 நிர்வாக அமைப்புகளுள் ஆகக்குறைந்தது 81 பாதிக்கப்பட்டன. 19,000க்கு மேற்பட்ட மருத்துவச் சந்திப்புகள் கைவிடப்பட்டிருக்கலாம் என்பது அந்நாட்டுக் கணக்காய்வு அலுவலகத்தின் அறிக்கை தரும் மதிப்பீடு. ஆந்திர மாநிலக் காவல்துறையின் கணினிகளும் தப்பவில்லை.

இவ்விடத்தில் எதிர்வாதம் ஒன்று எழும். அக்குறை விண்டோசினுடையது, லினக்சும் சம்பாவும் அதனாற் பாதிக்கப்படவில்லை, ஆகவே லினக்சில் பழைய நெறிமுறையைத் திறப்பதில் இடரில்லை என்பது அது. இவ்வாதத்தின் முற்பகுதி உண்மை. பிற்பகுதி அதிலிருந்து பெறப்படுவதன்று. அதே 2017 மே மாதத்தில், 2010க்குப் பின் வந்த சம்பாவின் பதிப்புகள் எல்லாவற்றிலும் இருந்த கடுங்குறையொன்று வெளிப்பட்டு அவசரமாகத் திருத்தப்பட்டது. அது முதலாம் பதிப்புக்கே உரிய குறையன்று எனினும், சம்பாவுக்கு நோயே வராது என்ற நம்பிக்கையைத் தகர்க்க அது போதும். அதனினும் முக்கியமானது வேறொன்று. பழைய இயந்திரங்கள் பல முதலாம் பதிப்போடு நிற்பதில்லை. கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் முறையிலும் பழையதையே வேண்டி நிற்கும். எனவே முதல் வரியைத் தொடர்ந்து இரண்டாம் வரியும் எழுதப்படுகின்றது. சம்பா 2016இல் இயல்புநிலையில் முடக்கிய அப்பழைய சரிபார்ப்பு முறை, 56 பிற்று நீளச் சாவிகளைக் கொண்ட டி.இ.எஸ். மறைகுறியை அடிப்படையாக உடையது. அம்மறைகுறியின் சாவியொன்றை 56 மணித்தியாலத்துக்குள் கண்டறியும் பொறி 1998இலேயே ஆக்கப்பட்டுவிட்டது. அன்று இரண்டரை இலட்சம் டொலர் செலவில் ஆனதை இன்று செய்வதற்கு எத்துணைச் சிறு செலவு போதும் என்பது விளக்க வேண்டாதது. அவ்வாறு பறிபோகும் கடவுச்சொல் நிழற்பிரதி இயந்திரத்துடையதாக மட்டும் இருக்குமாயின் நன்று. பெரும்பாலும் அதுவே அலுவலக முதல்வரின் கடவுச்சொல்லாகவும் இருக்கும்.

இன்னுமொன்று. சம்பாவில் ஏற்கத்தக்க ஆகக்குறைந்த நெறிமுறை எதுவென்பது சேவையகம் முழுவதற்கும் பொதுவாக அமைவது. 'நிழற்பிரதி இயந்திரத்தின் கோப்புறைக்கு மட்டும் திறந்திருக்கின்றேன்' என்று கூறுபவர், தாம் செய்ததை அறியாமற் கூறுகின்றார். ஓர் இயந்திரத்தின் பொருட்டுத் தளர்த்தப்பட்ட விதி அச்சேவையகத்திலுள்ள எல்லா அலமாரிகளுக்கும் தளர்ந்துவிடுகின்றது.

வறுமையை முன்வைக்கும் வாதம் இதனினும் வலியது. அதனை எளிதில் ஒதுக்குவோர் மன்னாரை அறியார். 2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. அந்நியச் செலாவணி வற்றியது. இறக்குமதிக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. கணினியின் விலையும் உதிரிப்பாகத்தின் விலையும் பல மடங்காயின. போருக்குப் பின் உதவியாகக் கிடைத்த கருவிகளையே வைத்து நாளைக் கடத்தும் அலுவலகத்துக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் பாடசாலைக்கும் 'பழையதை வீசிவிட்டுப் புதியது வாங்குக' என்று கொழும்பிலிருந்து உபதேசிப்பது, பசித்தவனுக்குப் பந்தியின் ஒழுங்கைப் போதிப்பது போன்றது. மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாடிகள் நின்று 103.5 மெகாவாட் வலுவை நாட்டின் மின்வலையத்துக்கு ஈவதற்கு ஆக்கப்பட்டுள்ளன. அக்காற்றாடிகளை நிறுவப் பணம் திரட்டக்கூடிய நாட்டில், அவற்றின் நிழலிலுள்ள அலுவலகமொன்று வருடியொன்றை மாற்றுவதற்கு மூன்று ஆண்டு காத்திருக்க நேர்வதை இயல்பு என்று கொள்ள முடியாது.

ஆனால், வறுமை பழைய நெறிமுறையை நியாயப்படுத்துகின்றது என்பது பிழையான முடிபு. வறிய அலுவலகத்தின் பணியாளர் தம்முடைய பொருளை அல்லவே பணயம் வைக்கின்றார்! அந்த வன்தட்டில் உள்ளவை வறியவர்களின் காகிதங்கள். வசதியுள்ள ஊரில் ஓர் ஆவணம் அழிந்தால் அதற்கு மூன்று பிரதிகள் வேறெங்கேனும் இருக்கும், சட்டத்தரணி இருப்பார், வழக்குப் பேசக் காலமும் இருக்கும். மன்னாரிற் பலரின் நிலை அதுவன்று.

1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, எருக்கலம்பிட்டியிலிருந்தும் முசலியிலிருந்தும் கடல்வழியாகவும் தரைவழியாகவும் புத்தளம் நோக்கிச் சென்றோர் கையிற் கொண்டுபோக முடிந்தது எவ்வளவு? காணி உறுதியை எடுத்தவர் சிலர்; எடுக்க வேண்டும் என்று எண்ணுவதற்கே அவகாசம் அற்றவர் பலர். 2007 செப்டெம்பரில் முள்ளிக்குளத்து மக்கள் தம் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டனர். அங்கே கடற்படை நிலைகொண்டது. மக்கள் தெருவில் அமர்ந்து போராடிய பின்னர் 2017இல் ஒரு பகுதிக் காணி விடுவிக்கப்படுவதாக அறிவிக்கப்பட்டது. அதே 2017இல் முசலிப் பிரதேசத்துக் காடுகளை ஒதுக்குக்காடாக்கிய வர்த்தமானி அறிவித்தலால், மீளக்குடியேறியோர் தாம் வாழ்ந்த மண் தம்முடையது என்று மறுபடியும் நிறுவவேண்டியோராயினர். இத்தகைய ஒவ்வொரு தருணத்திலும் கேட்கப்படுவது ஒன்றே: காகிதம் எங்கே? அனுமதிப்பத்திரம், வாக்காளர் இடாப்பு, பிறப்புச் சான்று, பங்குக் கோவிலின் ஞானஸ்நானப் பதிவேடு, பள்ளிவாசலின் திருமணப் பதிவு, பாடசாலை வரவுப் பதிவேடு. மூலப்பிரதி கறையானுக்கோ குண்டுக்கோ இரையான இடங்களில், எங்கோ எவரோ எடுத்துவைத்த ஒளிப்பிரதியே எஞ்சிய சாட்சியாகின்றது. அந்த ஒளிப்பிரதியை எடுப்பது நிழற்பிரதி இயந்திரம். அது சென்று சேர்வது சம்பாப் பகிர்வு.

ஏட்டிலுள்ள எண்ணின் பெறுமதியை மன்னார் உலகுக்கே ஒருமுறை காட்டியது. 2011 சனவரியில், கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு மன்னாரில் அமர்ந்தபோது ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை முன்வைத்த சமர்ப்பணத்தின் உயிர்நாடி ஒரு கழித்தற் கணக்கு. 2008 ஒக்டோபர்த் தொடக்கத்தில் வன்னியில் இருந்தோர் எனக் கச்சேரிப் புள்ளிவிவரம் காட்டிய தொகை 429,059. 2009 யூலை 10 வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தோர் 282,380. எஞ்சிய 146,679 பேருக்கு என்ன நேர்ந்தது என்று ஆயர் வினவினார். அவ்வினாவுக்கு உரிய விடை கிடைக்கவில்லை. ஆயர் 2021 ஏப்ரல் 1இல் மறைந்தார். ஆயினும் அவ்வினாவை எவரும் வெறும் புலம்பல் என்று தள்ளிவிட முடியாமைக்குக் காரணம், அதன் முதற்றொகை அரசின் சொந்த அலுவலகங்களின் ஏட்டிலிருந்து எடுக்கப்பட்டமையே. எழுதுவினைஞர்கள் பதுங்குகுழிக்கும் மேசைக்கும் இடையே எழுதிக் காத்த எண்கள் அவை.

இத்தகைய எண்கள் இன்று தாளில் இல்லை; பகிர்வுக் கோப்புறையிலுள்ள அட்டவணைக் கோப்பில் உள்ளன. தாளேட்டில் ஒருவன் எண்ணை அழித்தெழுதினால் கறை நிற்கும். காவலற்ற வழியிற் சென்று வரும் கோப்பில் எவ்வித அடையாளமும் நில்லாது. பழைய நெறிமுறையைத் திறப்போர் தம்மையறியாது செய்யும் பெருந்தீங்கு இதுவே. கோப்பு தொலைந்துவிடும் என்பது அச்சத்தின் ஒரு பாதி. கோப்பு இருந்தும் அதனைச் சான்றாக எவரும் ஏற்க மறுப்பர் என்பது மறுபாதி. 'உமது சேவையகம் எவரும் எழுதத்தக்கதாகத் திறந்து கிடந்ததல்லவா?' என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி ஒருவர் கேட்பாராயின், காணியை இழப்பவர் கணினியைத் திறந்த இளைஞர் அல்லர்.

அரசின் பெருங்களஞ்சியத்தில் எல்லாம் பத்திரமாக இருக்கும் என்று ஆறுதல் கொள்வாரும் உண்டு. 2023 ஓகஸ்ட் மாதத்தில் அந்த ஆறுதலும் பொய்த்தது. இலங்கை அரசின் முகிற்கணிமைச் சேவை பணயத் தீநிரலாற் தாக்குண்டது. ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அவற்றுள் அடங்கும். மே 17 தொடக்கம் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் மீளாமற் போயின. அக்காலத்துக்குரிய காப்புப்பிரதி எடுக்கப்பட்டிருக்கவில்லை. அங்கே இயங்கியது மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்சின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. அதற்கான ஆதரவு அவ்வாண்டு ஏப்ரலிலேயே முடிந்திருந்தது. மேம்படுத்தும் திட்டம் 2021 முதல் இருந்தும், நிதிப் பற்றாக்குறையாலும் முன்னைய முகாமையின் தீர்மானங்களாலும் பிந்தியது என்று பொறுப்பான நிறுவனமே கூறிற்று. வழக்கொழிந்ததைச் சிக்கனத்தின் பேரில் ஓடவிடுதல் தலைநகரிலேயே இந்த விளைவைத் தந்ததாயின், காப்புப்பிரதிக்கென வேறோர் வன்தட்டு வாங்க இயலாத சிறு அலுவலகத்தைக் குறித்து என் சொல்வது!

அவ்வாறாயின் பழைய இயந்திரத்தை என் செய்வது? வீசவேண்டியதில்லை, அதனை ஏனையவற்றோடு கலக்கவிடாதிருத்தலே வேண்டுவது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்குமிடையே 1914இல் புகைவண்டியும் கப்பலும் இணைந்த பயணம் தொடங்கிய காலத்தில், மலையகத் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர் கடல் கடப்பதற்கு முன்பு மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய முகாமில் நிறுத்தப்பட்டு நோய்ச் சோதனைக்கு உள்ளாக்கப்பட்டனர். உழைக்க வந்த மாந்தரை அவ்வாறு நடத்தியதன் இழிவு மறக்கற்பாலதன்று. மனிதர்க்குப் பொருந்தாத அந்த ஏற்பாடு இயந்திரத்துக்கு நன்கு பொருந்தும்.

இரண்டு வலையமைப்பு இணைப்புகளைக் கொண்ட கணினியொன்று போதும். ஒதுக்கப்பட்ட பழைய மேசைக்கணினிக்கு இரண்டாவது இணைப்பட்டை ஒன்றைச் செருகினாலும் ஆகும். ஓர் இணைப்பில் நிழற்பிரதி இயந்திரம் மட்டும், நேரடிக் கம்பியால். அப்பக்கத்தில் மட்டுமே சம்பா செவிமடுக்க வேண்டும். அங்கே முதலாம் பதிப்பு திறந்திருக்கலாம். அதற்குரிய பயனர்ப்பெயரும் கடவுச்சொல்லும் வேறெங்கும் பயன்படாதவையாக இருத்தல் வேண்டும். வந்து விழும் ஒளிப்பிரதிகளைச் சில நிமிடங்களுக்கொருமுறை எடுத்து, மற்றைய இணைப்பின் வழியாக, மறைகுறியாக்கிய புதிய நெறிமுறையால் மெய்யான சேவையகத்துக்கு இடைக்கணினியே அனுப்பும். இரு பக்கங்களுக்குமிடையே வேறெந்தப் போக்குவரத்தும் செல்லலாகாது. இதற்கு ஒரு பிற்பகல் உழைப்பு வேண்டும். ஒரு வரிக்கு ஒரு நிமிடமே வேண்டும். வேறுபாடு அவ்வளவுதான். இடைக்கணினிக்கும் வழியில்லாத இடத்தில், ஒளிப்பிரதியை யூ.எஸ்.பி. நினைவகத்தில் எடுத்துச் சென்று பதிவதில் வெட்கப்பட ஏதுமில்லை. எத்தனையோ இயந்திரங்கள் அதற்கு இடந்தருகின்றன.

பழைய வலையமைப்பு வன்தட்டின் கதை வேறு. அதனோடு நெடுங்காலம் குடும்பம் நடத்த வேண்டிய தேவை எதுவுமில்லை. ஒரு கணினியுடன் தனியே இணைத்து, பெறும் பக்கத்தில் மட்டும், அந்த ஒரு தடவைக்கு மாத்திரம் முதலாம் பதிப்பைக் குறிப்பிட்டு, எழுத முடியாத நிலையில் திறந்து, உள்ளதனைத்தையும் படியெடுத்து, படி சரியா என்று ஒப்புநோக்கி, பின் அதனை ஓய்வு கொள்ள விடலாம். இவ்விரண்டு நிலைகளையும் வேறு பிரித்தறியாது 'வரியை எழுதினால் எல்லாம் சரி' என்போரைத் தொழில்நுட்பவியலாளர் என்று அழைப்பது அத்தொழிலுக்கே இழுக்கு.

இளைஞர்களை மட்டும் சாடுவது நீதியன்று. இந்நிலையை ஆக்கியோர் மேலே உள்ளனர். கண்ணாடியும் உருளையும் இன்னும் பத்தாண்டு உழைக்கத்தக்க இயந்திரத்துக்கு, அதன் உள்ளே ஓடும் மென்பொருளுக்கான திருத்தத்தைச் சில ஆண்டுகளில் நிறுத்திவிடும் உற்பத்தியாளர் முதற் குற்றவாளி. திறப்புவிழாவில் நாடா வெட்டிப் படம் பிடித்துக்கொண்டு, ஐந்தாம் ஆண்டில் அவ்வியந்திரத்தைப் பேணுவது யார் என்று கேளாமற் போகும் உதவி நிறுவனங்கள் அடுத்தவை. நிமிடத்துக்கு எத்தனை தாள், மை என்ன விலை என்பவற்றை ஒப்பிட்டுவிட்டுக் கையொப்பமிடும் கொள்வனவுக் குழுவினரையும் அவ்வரிசையிற் சேர்த்தல் தகும்.

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிவுற்றது. அதன் அடுத்த பதிப்பை ஏற்கமாட்டாத கணினிகள் வடபுலத்திலும் ஏராளம். அவற்றை வைத்திருப்போர் லினக்சை நாடுவது அறிவுடைய செயல். அது அவற்றுக்குப் புத்துயிரும் தரும். அந்த மாற்றம் நிகழும் நாளிலேதான் பழைய நிழற்பிரதி இயந்திரம் பேச மறுக்கும். அந்த வரியும் உடனே எவராலேனும் நினைவூட்டப்படும். மாவட்டத்தின் ஐந்து பிரதேச செயலகங்களும், பங்குப் பணிமனைகளும், பள்ளிவாசல் நிர்வாகங்களும், மீனவர் கூட்டுறவுச் சங்கங்களும் தத்தம் இயந்திரங்களில் எவை முதலாம் பதிப்பை மட்டுமே அறிந்தவை என்று இப்போதே ஒரு பட்டியல் எடுத்தல் வேண்டும். புதிதாக ஒன்றை வாங்கும்போதோ தானமாகப் பெறும்போதோ, அது எஸ்.எம்.பி. மூன்றாம் பதிப்பைப் பேசுமா, மென்பொருட் திருத்தம் எந்த ஆண்டு வரை வழங்கப்படும் என்பதை எழுத்திற் பெற்றுக் கோவையில் இடுதல் வேண்டும். அக்கடிதமின்றி இயந்திரத்தைப் பொறுப்பேற்கும் அலுவலரே, சில ஆண்டுகள் சென்றபின் அந்த ஒரு வரியை எழுதித்தரும் ஆளைத் தேடி அலையப்போகின்றவர்.